திரையும் உறையும்: வாக்களிப்பு முறைகளின் வரலாற்றில் ஒரு விவாதம்



தமிழில் ‘வாக்கு’ என்னும் சொல்லுக்குப் பேச்சு என்பதே முதற்பொருள். தேர்தலில் ஒருவர் தம் விருப்பத்தைத் தெரிவிப்பதற்கும் பிற்காலத்தில் அதே சொல்லை வழங்கலானோம். வரலாற்றோடும் அது பொருந்தியே நிற்கிறது. 1872ஆம் ஆண்டுவரை இங்கிலாந்தில் வாக்களித்தல் என்பது உண்மையிலேயே வாய்திறந்து பேசுவதாக இருந்தது. இன்றோ அது பிறர் அறியாமல் தாளில் இடப்படும் ஒரு குறி. உரக்கச் சொல்லப்பட்ட ஒன்று மறைவாக இடப்படும் குறியாக மாறியது ஏன் என்று கேட்டால்தான், இன்று உலகெங்கும் நடைபெறும் ஒரு விவாதத்தின் உட்பொருள் விளங்கும். வாக்காளர் சாவடிக்கு நேரில் வந்தே வாக்களிக்க வேண்டுமா, அல்லது இருந்த இடத்திலிருந்தே அஞ்சலில் அனுப்பலாமா என்பதே அவ்விவாதம்.

பெரும்பாலும் இதனை வசதிக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான போட்டியாகவே பேசுகிறார்கள். வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவருக்கு இது வேறொரு கேள்வியாகத் தோன்றும். வாக்காளரின் மறைவைக் காக்கும் பொறுப்பு யாருடையது? சாவடியில் அப்பொறுப்பை அரசு ஏற்கிறது. அஞ்சல் முறையில் வாக்காளரே அதனைச் சுமக்கிறார். இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற்கொண்டு வரலாற்றைக் காண்போம்.

குரலிலிருந்து திரைக்கு

பழைய இங்கிலாந்தின் தேர்தலில் வாக்காளர் ஊரார் முன்னிலையில் தாம் ஆதரிக்கும் வேட்பாளரின் பெயரை உரக்கச் சொல்வார்; எழுத்தர் அதனை ஏட்டில் பதிவார். யார் யாருக்கு வாக்களித்தார் என்பதைக் காட்டும் அந்த ஏடுகள் பல ஊர்களில் அச்சிடவும்பட்டன. தம் குத்தகையாளர் எப்பக்கம் நின்றார் என்பதை நிலக்கிழார் அதைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். நிலத்தை இழக்க அஞ்சிய உழவரும், வேலையை இழக்க அஞ்சிய தொழிலாளரும் தம் மனத்திலுள்ளதைச் சொல்லத் துணிவதற்கு அம்முறை இடந்தரவில்லை. காசுக்கு வாக்கு வாங்குவோருக்கும் அது வசதியாக இருந்தது. கொடுத்த காசுக்குரிய வாக்கு கிடைத்ததா என்பதைத் தம் காதாலேயே கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். ஆகவேதான், 1838இல் எழுந்த மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளுள் இரகசிய வாக்கெடுப்பும் ஒன்றாயிற்று.

எதிர்ப்பும் எளிதாக இருக்கவில்லை. விடுதலைச் சிந்தனையாளராகப் போற்றப்படும் ஜான் ஸ்டூவர்ட் மில் அவர்களே 1861இல் வெளியான தம் நூலில் இரகசிய வாக்கெடுப்பை மறுத்து எழுதினார். வாக்கு தனிமனிதச் சொத்தன்று, பொதுநலனுக்காக ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. பொறுப்பை நிறைவேற்றுபவர் அதனை வெளிப்படையாகச் செய்யவேண்டும் என்பது அவர் வாதம்.

இதற்கு நடைமுறைத் தீர்வு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1856இல் விக்டோரியா, தென் ஆஸ்திரேலியா ஆகிய குடியேற்றங்கள் புதுமுறை ஒன்றைச் சட்டமாக்கின. வாக்குச்சீட்டை அரசே அச்சிடும். சாவடியில்தான் அது வாக்காளர் கைக்கு வரும். அவர் தனித்த தடுப்புக்குள் சென்று குறியிட்டு மடித்துப் பெட்டியில் இடுவார். இங்கிலாந்து 1872இல் இம்முறையை ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் பொன்டிஃபிராக்ட் என்னும் ஊரில் நடந்த இடைத்தேர்தலே அங்கு இரகசியமாக நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தல். அன்று பயன்பட்ட பெட்டியின் அரக்கில், அவ்வூரின் அதிமதுர மிட்டாய்த் தொழிற்சாலையின் முத்திரை பதிக்கப்பட்டது. அப்பெட்டியை இன்றும் அவ்வூர் அருங்காட்சியகத்தில் காணலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். இம்முறையில் மறைவு என்பது வாக்காளர் விரும்பினால் பெற்றுக்கொள்ளும் சலுகையன்று, விலக்கில்லாத விதி. “என் எதிரே குறியிட்டுக் காட்டு” என்று முதலாளி கேட்டாலும் தொழிலாளியால் காட்ட இயலாது. காட்ட இயலாமையே அவருக்குப் பாதுகாப்பு. சாவடித் திரையின் முழு வலிமையும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

போர்க்களத்திலிருந்து வந்த உறை

திரைக்குள் வர இயலாதவர்களின் நிலை என்ன? இக்கேள்வியை முதலில் பேரளவில் எழுப்பியது போர். 1864இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே அதிபர் தேர்தல் வந்தது. பல்லாயிரம் வீரர்கள் சொந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவில் இருந்தனர். மாநிலங்கள் இருவேறு வழிகளைக் கண்டன. சில மாநிலங்கள் வாக்குப்பெட்டியைப் பாசறைக்கே கொண்டுசென்றன. வேறு சில மாநிலங்களில் வீரர்கள் வாக்குச்சீட்டை உறையிலிட்டு முத்திரையிட்டு ஊருக்கு அனுப்பினர். அங்கு வேறொருவர் அதனை அவர் சார்பில் செலுத்தினார். இண்டியானா போன்ற மாநிலங்களில் இரண்டுக்கும் வழியில்லை. எனவே அம்மாநில வீரர்களை இயன்ற அளவு ஊருக்கு அனுப்பி வாக்களிக்கச் செய்யுமாறு அதிபர் லிங்கன் தளபதி ஷெர்மனுக்குக் கடிதம் எழுதினார். பெட்டி வாக்காளரிடம் செல்வது, உறை பெட்டியிடம் செல்வது, வாக்காளர் ஊருக்குச் செல்வது என்னும் மூன்று வழிகளும் அந்த ஒரே தேர்தல் ஆண்டில் தோன்றிவிட்டன. பின்வந்த ஒன்றரை நூற்றாண்டில் நாடுகள் மாற்றி மாற்றித் தேர்ந்தெடுத்தவை இம்மூன்றையே.

பிரிட்டன் 1918இல் வெளிநாட்டில் இருந்த படைவீரர்களுக்கு அஞ்சல் வாக்கை அளித்தது. டிசம்பர் 14இல் வாக்களிப்பு நடந்தாலும், அவ்வுறைகள் வந்து சேரும்பொருட்டு எண்ணிக்கை டிசம்பர் 28வரை நிறுத்தி வைக்கப்பட்டது. 1945இல் ஜூலை 5ஆம் நாள் வாக்களித்த மக்கள், சர்ச்சில் தோற்றார், அட்லி வென்றார் என்பதை ஜூலை 26ஆம் நாள்தான் அறிந்தனர். வீரர்களின் வாக்குகளுக்காக நாடே மூன்று வாரம் பொறுத்திருந்தது. தேர்தல் இரவிலேயே முடிவு தெரியவேண்டும் என்னும் இன்றைய பழக்கத்தை இந்நிகழ்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

கொடுத்ததும் பறித்ததும் மீட்டதும்

இரகசிய வாக்கெடுப்பைச் சட்டமாக்கிய ஆஸ்திரேலியாவே அஞ்சல் வாக்கில் நீண்ட காலம் இருமனப்பட்டு நின்றது. 1902இல் இயற்றிய தேர்தல் சட்டத்தில் அக்கூட்டரசு அஞ்சல் வாக்கை அனுமதித்தது. முறைகேட்டுக்கு இடமளிக்கிறது என்று கூறித் தொழிற்கட்சி அரசு 1911இல் அதனை நீக்கியது. நோயாளிகளும், பேறுகாலத்தை நெருங்கிய பெண்களும், சாவடியிலிருந்து பல மைல் தொலைவில் வாழ்வோரும் வாக்குரிமையை இழக்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 1918இல் அம்முறை மீண்டும் நிலைபெற்றது. இரு தரப்பும் சொன்னது உண்மையே. திரை இல்லாத இடத்தில் முறைகேடு நுழையலாம். திரையை மட்டுமே நம்பினால் வர இயலாதவர் விடுபடுவர்.

பிரான்ஸ் வேறு முடிவுக்கு வந்தது. கோர்சிகாத் தீவில் நடந்த மோசடிகள் முதலியவற்றால் அஞ்சல் வாக்கின்மீது நம்பிக்கை குலைய, 1975இன் இறுதியில் உள்நாட்டில் அதனை ஒழித்தது. வர இயலாதவர் தம் சார்பில் வாக்களிக்க நம்பிக்கைக்குரிய ஒருவரை நியமிக்கலாம் என்பது அங்குள்ள ஏற்பாடு. இதில் மோசடி குறையலாம். ஆயினும் வாக்காளர் தம் இரகசியத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்தே ஆகவேண்டும்.

அமெரிக்காவின் ஆரகன் மாநிலம் இதற்கு நேர்மாறான திசையில் சென்றது. 1998இல் மக்கள் வாக்கெடுப்பின்வழி, தேர்தல்கள் அனைத்தையும் அஞ்சலில் நடத்த முடிவு செய்தது. பதிவு பெற்ற ஒவ்வொருவர் வீட்டுக்கும் வாக்குச்சீட்டு செல்லும்; உறையின்மீதுள்ள கையெழுத்து, பதிவேட்டிலுள்ள கையெழுத்தோடு ஒப்பிடப்படும். வாஷிங்டன், கொலராடோ முதலிய மாநிலங்களும் பின்னர் இவ்வழியை மேற்கொண்டன. 2020இல் பெருந்தொற்றின் நடுவே நடந்த அதிபர் தேர்தலில் அமெரிக்க வாக்காளர்களில் பத்தில் நால்வருக்கும் மேற்பட்டோர் அஞ்சல் வழி வாக்களித்தனர்.

தவறு நிகழும் இடம்

அஞ்சல் வாக்கில் மோசடியே இல்லை என்போரும், அது முழுவதும் மோசடியே என்போரும் உண்டு. நீதிமன்றமும் தேர்தல் வாரியமும் உறுதி செய்த இரு நிகழ்ச்சிகள் நமக்குத் தெளிவு தருகின்றன.

பிரிட்டனில் 2000ஆம் ஆண்டுச் சட்டம், காரணம் கூறாமலேயே எவரும் அஞ்சல் வாக்கைக் கோரலாம் என்றது. நான்கே ஆண்டுகளில், 2004 பர்மிங்ஹாம் நகர உள்ளாட்சித் தேர்தலில் பெருமளவு அஞ்சல் வாக்கு மோசடி நடந்தது. 2005இல் அவ்வழக்கை விசாரித்த சிறப்பு நீதிபதி ரிச்சர்ட் மௌரி இரு வட்டாரங்களின் முடிவுகளை இரத்து செய்து, நடைமுறையிலிருந்த ஏற்பாட்டைக் கடுமையாகக் கண்டித்தார். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, அஞ்சல் வாக்காளர் தம் கையெழுத்தையும் பிறந்த நாளையும் அளித்து அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ஒன்பதாம் தொகுதியில் 2018இல் நடந்த தேர்தலில் முன்னிலையில் இருந்தவருக்கும் அடுத்தவருக்கும் இடையே 905 வாக்குகளே வேறுபாடு. கூலிக்கு அமர்த்தப்பட்டோர் வீடுவீடாகச் சென்று வாக்குச்சீட்டு உறைகளைத் திரட்டியது விசாரணையில் வெளிப்பட்டது. மாநிலத் தேர்தல் வாரியம் அம்முடிவை ஏற்க மறுத்தது. 2019 செப்டம்பரில் மறுதேர்தல் நடந்தது.

இவ்விரண்டும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன. வாக்காளர் கைக்கும் தேர்தல் அலுவலர் கைக்கும் இடையே வேறொருவர் கை புகும்போதே தவறு நிகழ்கிறது. மோசடி வெளிப்பட்டு முடிவுகள் இரத்தானதும் உண்மை. ஆனால், வீட்டுக்குள் கணவர் மனைவியின் சீட்டைத் தாமே நிரப்புவதும், முதலாளி தம் வீட்டில் தங்கியுள்ள பணியாளரின் உறையைக் கேட்டு வாங்குவதும் எந்த விசாரணைக்கும் எளிதில் வாரா. சாவடித் திரை தடுத்தது இத்தகைய அமைதியான அழுத்தத்தைத்தான். ஆகவே அஞ்சல் வாக்கை ஐயுறுவோரின் வாதத்தில் மிக வலிமையானது எண்ணிக்கையைப் பற்றியதன்று. எளியவரின் தனிமையைப் பற்றியது.

மலேசியாவின் அனுபவம்

நம் வட்டாரத்துக்கு வருவோம். மலேசியாவில் நெடுங்காலம் படைவீரர்களும் காவல் துறையினரும் அஞ்சல் வாக்காளர்களாக இருந்தனர். அவர்கள் குறியிடும் இடத்தில் கட்சி முகவர்கள் இருப்பதில்லை. மேலதிகாரியின் நிழலில் இடப்படும் வாக்கு உரிமையோடு இடப்பட்டதாகுமா என்னும் ஐயம் எழுந்தது. 2011இல் பெர்சே இயக்கம் முன்வைத்த எட்டுக் கோரிக்கைகளுள் அஞ்சல் வாக்குச் சீர்திருத்தமும் ஒன்று. அதன்பின் அமைந்த நாடாளுமன்றத் தெரிவுக் குழு 2012இல் 22 பரிந்துரைகளை அளித்தது. 2013இல் நடந்த 13ஆவது பொதுத் தேர்தலில் படையினரும் காவல் துறையினரும் முன்கூட்டிய வாக்களிப்பு முறைக்கு மாற்றப்பட்டனர். பொதுமக்கள் வாக்களித்த மே 5ஆம் நாளுக்கு முன், ஏப்ரல் 30ஆம் நாள், அவர்கள் முகவர்கள் முன்னிலையில் சாவடிக்குச் சென்று பெட்டியில் வாக்கிட்டனர். உறை நீக்கப்பட்டுத் திரை மீட்கப்பட்டது எனலாம்.

அதே தேர்தலில் எதிர்த்திசையிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. அதுவரை வெளிநாட்டிலுள்ள அரசு ஊழியர், படைவீரர், முழுநேர மாணவர் போன்றோருக்கே உரியதாயிருந்த வாய்ப்பு, வெளிநாடுவாழ் குடிமக்கள் பலருக்கும் விரிந்தது. ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 நாள் தாயகம் வந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சிங்கப்பூர், தென் தாய்லாந்து, புருணை, கலிமந்தான் ஆகிய அண்டைப் பகுதிகளில் இருந்தோர் சேர்க்கப்படவில்லை; அவர்கள் எல்லை கடந்து வந்து வாக்களிக்கலாம் என்று கருதப்பட்டது.

2018இல் 14ஆவது பொதுத் தேர்தல் வந்தது. வேட்புமனுத் தாக்கல் ஏப்ரல் 28. வாக்களிப்பு மே 9, புதன்கிழமை. வேட்பாளர் பெயர் உறுதியான பின்னரே வாக்குச்சீட்டை அச்சிட இயலும். பதினொரு நாளுக்குள் அது கடல் கடந்து சென்று, சாட்சி முன்னிலையில் உறுதிமொழி ஒப்பமிட்டு, மீண்டும் கடல் கடந்து தொகுதி அலுவலரிடம் சேரவேண்டும். வாக்களிப்பு முடிந்தபின் வரும் உறை எண்ணப்படாது. பலருக்குச் சீட்டே கடைசி நாள்களில்தான் கிடைத்தது. அப்போது நிகழ்ந்தது நம் வரலாற்றில் நினைவுகூரத் தக்கது. முன்பின் அறியாத பயணிகள் விமான நிலையங்களில் உறைகளைப் பெற்றுக்கொண்டு தாயகம் வந்தனர். இங்குக் காத்திருந்த தன்னார்வலர்கள் அவற்றைத் தொகுதிதோறும் கொண்டுசென்று சேர்த்தனர்.

இதனை வட கரோலினா நிகழ்ச்சிக்கு அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வாக்காளரின் உறை அயலார் கைக்குப் போகிறது. அங்கு அது குற்றமாயிற்று. இங்கு அது தொண்டாயிற்று. உள்ளம் வேறு; ஆனால் செயல் ஒன்றே. நல்லவர் கையில் உறை பாதுகாப்பாகச் சென்றது என்பதற்காக, அயலார் கையை நம்பவேண்டிய நிலைக்கு வாக்காளரைத் தள்ளிய ஏற்பாடு நல்லதாகிவிடாது. அஞ்சல் வாக்கு என்னும் உரிமையை வழங்குவோர், அது வந்து சேரப் போதிய நாள்களையும் சேர்த்தே வழங்கவேண்டும். 1945இல் பிரிட்டன் அளித்த மூன்று வாரத்தின் பொருள் இப்போது விளங்கும்.

வாக்களிக்கும் வயது 18 ஆனதும், தானியங்கிப் பதிவு நடைமுறைக்கு வந்ததும் 2021 டிசம்பரில். அதன்பின் நடந்த 2022 பொதுத் தேர்தலில் வாக்காளர் தொகை 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களுள் பலர் பதிவு பெற்ற தொகுதி ஓரிடம், படிக்கும் அல்லது பணியாற்றும் ஊர் வேறிடம். தீபகற்பத்தில் படிக்கும் சரவாக் மாணவிக்கு அவ்வாண்டு அஞ்சல் வாக்கு இல்லை. விமானச் சீட்டு வாங்க இயன்றால் வாக்கு, இல்லையேல் இல்லை. லிங்கனின் கடிதத்தில் கண்ட மூன்றாம் வழியே இன்னும் அவருக்கு எஞ்சியிருந்தது.

சிங்கப்பூரின் வழி

சிங்கப்பூர் நேரில் வாக்களிக்கும் முறையை நெடுங்காலம் உறுதியாகப் பற்றி நின்றது. 2006 பொதுத் தேர்தலில் இலண்டன், தோக்கியோ, வாஷிங்டன் போன்ற நகரங்களில் வெளிநாட்டுச் சாவடிகளை முதன்முறையாகத் திறந்தது. அந்நகரங்களிலிருந்து தொலைவில் வாழ்வோருக்கு அவையும் எட்டாதவையாக இருந்தன. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள் நடந்த அதிபர் தேர்தலில் வெளிநாட்டிலிருப்போர் அஞ்சல் வழியாகவும் வாக்களித்தனர். வாக்குச்சீட்டையும் திருப்பியனுப்பும் உறையையும் வாக்காளர் இணையத்திலிருந்து பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம் என்பதால், சீட்டு சென்று சேரும் தாமதம் நீங்கியது. உறை, வாக்களிப்பு நாளுக்கு முன்பே அஞ்சல் முத்திரை பெற்றிருக்கவேண்டும். அந்நாளுக்குப்பின் பத்து நாள்களுக்குள் வந்து சேர்ந்தால் எண்ணப்படும்.

அதே திருத்தத்தின் இன்னொரு பகுதி குறைவாகவே பேசப்படுகிறது. தாதிமை இல்லங்களில் தேர்தல் அலுவலர்கள் வாக்குப்பெட்டியோடு சென்று, படுக்கையை விட்டு எழ இயலாத முதியவரிடமும் வாக்குப் பெறும் ஏற்பாடு அது. 1864இல் பாசறைக்குச் சென்ற பெட்டி, 2023இல் முதியோர் படுக்கை அருகே வந்து நின்றது. வாக்காளர் சாவடிக்கு வர இயலாவிட்டால் சாவடி வாக்காளரிடம் செல்லும். திரையும் உடன் செல்லும்.

முடிவுரை

அஞ்சலா, நேரிலா என்று ஒன்றை முற்றாக ஏற்று மற்றதை முற்றாக ஒதுக்குவதற்கு வரலாறு துணைநிற்கவில்லை. அது காட்டும் வரிசை வேறு. அரசு பாதுகாக்கும் திரைக்குள் வாக்காளர் வர இயலுமானால் அதுவே முதல்வழி. அவர் வர இயலாதபோது திரையை அவரிடம் கொண்டுசெல்வது அடுத்த வழி. இரண்டும் இயலாத தொலைவில் இருப்பவருக்கு அஞ்சல் உறை. அதனையும் போதிய காலம், உறுதியான அடையாளச் சரிபார்ப்பு, இடையில் பிறர் கை புகாத பாதை ஆகியவற்றோடு வழங்கவேண்டும். இப்பாதுகாப்புகள் இல்லாமல் உறையை எல்லாருக்கும் வழங்குவது எளியவரைக் கைவிடுவதாகும். முறைகேட்டைக் காரணம் காட்டி உறையை எவருக்கும் மறுப்பது தொலைவில் இருப்பவரைக் கைவிடுவதாகும்.

ஆசிரியர்கள் வகுப்பறையில் தேர்தலைப் பற்றிப் பேசும்போது மூன்று கேள்விகளை மாணவர் முன் வைக்கலாம். இந்த ஏற்பாட்டில் விடுபடுபவர் யார்? வாக்காளர் குறியிடும் வேளையில் அவரைக் காப்பவர் யார்? குறியிட்ட சீட்டு பெட்டியை அடையும்வரை யார் கையில் இருக்கிறது? எந்நாட்டுச் சட்டத்தையும் இம்மூன்றால் அளந்து பார்க்கலாம். இங்கு அமர்ந்துள்ள மாணவர்களுள் பலர் அடுத்த தேர்தலில் முதன்முறையாக வாக்களிப்பீர்கள். சிலர் அப்போது சொந்த ஊரில் இருப்பீர்கள். சிலர் கடல் கடந்து இருப்பீர்கள். எங்கிருந்தாலும் உங்கள் வாக்கு உங்களுடையதாகவே பெட்டியை அடையவேண்டும்.